திறந்த கல்வி வளங்களைத் தேடி எடுத்துப் பாடம் நடத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இணையத்தில் பாடப்பொருள் தேட உட்காரும் ஆசிரியர்களில் நிறையப் பேர் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். பாடத்தின் தலைப்பைத் தேடுபெட்டியில் தட்டுகிறார்கள், பத்துப் பதினைந்து பக்கங்கள் திறக்கின்றன, எல்லாமே நன்றாக இருப்பதுபோல் தெரிகிறது, அத்தனையையும் சேமித்து வைக்கிறார்கள், மறுநாள் வகுப்பில் அதில் ஒன்றைக்கூடத் தொடாமல் பழையபடி கரும்பலகையில் நடத்திவிட்டு வருகிறார்கள். நானும் பல மாதங்கள் இப்படித்தான் இருந்தேன். சக ஆசிரியர்களுக்கு இதைக் கற்றுக்கொடுக்க உட்கார்ந்தபோதுதான் கோளாறு எங்கே என்று பிடிபட்டது. செய்கிற வேலைகள் எல்லாம் சரி, வரிசைதான் தப்பு.

அதனால் கீழே உள்ளவற்றை வரிசை மாற்றாமல் செய்யுங்கள். முதல் முறை ஒரு பாடத்துக்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். கை பழகியபின் வேகம் தானாக வரும்.

1. தேடும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். திறந்த கல்வி வளம் என்பது இலவசமாகக் கிடைக்கும் பாடப்பொருள் மட்டும் அல்ல. அதை நகலெடுக்கவும், மாற்றவும், மற்றவர்களுக்குக் கொடுக்கவும் உரிமையாளரே முன்கூட்டி அனுமதி எழுதி வைத்திருக்க வேண்டும், அல்லது அது காப்புரிமை முடிந்து பொதுவுடைமை ஆகியிருக்க வேண்டும். காசு கேட்காத எத்தனையோ தளங்கள் பார்க்க மட்டும்தான் விடும். அங்கிருந்து ஒரு படத்தை எடுத்துப் பயிற்சித்தாளில் ஒட்டிச் சுற்றுக்கு விட உங்களுக்கு அனுமதி இருக்காது. 'இலவசம்' வேறு, 'திறந்தது' வேறு. இந்த வழிகாட்டி முழுக்க அந்த வித்தியாசத்தின் மேல்தான் நிற்கிறது.

இனி, கையில் இருக்க வேண்டியவை. நடத்தப்போகும் பாடப்புத்தகம், ஏனென்றால் கலைச்சொற்களை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். போன தேர்விலோ வகுப்புத் தேர்விலோ அந்தப் பாடத்தில் மாணவர்கள் செய்த தவறுகள், நான்கைந்து விடைத்தாள்கள் இருந்தால்கூடப் போதும். அப்புறம் ஒரு பதிவேடு. விரிதாளோ நோட்டுப் புத்தகமோ உங்கள் விருப்பம். அதில் ஐந்து கட்டம்: பொருளின் பெயர், உருவாக்கியவர், இணைப்பு, உரிமம், எடுத்த தேதி.

பதிவேட்டைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஒரு படத்தைத் தரவிறக்கிய பத்து நாள் கழித்து அது எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். எடுக்கும் அந்த நொடியில் எழுதினால் அரை நிமிட வேலை.

வகுப்பறையில் என்ன இருக்கிறது என்பதையும் இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். திரையும் புரொஜெக்டரும் உண்டா, மாணவர் கையில் கைபேசி இருக்குமா, இணையம் வருமா, அல்லது அச்சடித்த தாள் மட்டும்தானா? தாள் மட்டும்தான் என்றால் காணொளிகளைப் பக்கம் பக்கமாகப் பார்த்துக்கொண்டிருப்பதில் அர்த்தம் இல்லை.

2. தேவையை ஒரே வரியில் எழுதுங்கள்

'மின்சாரம்' என்பது தலைப்பு. அதை வைத்துத் தேடினால் கடலில் விழுவீர்கள். 'தொடர் சுற்றில் எந்த இடத்தில் அளந்தாலும் மின்னோட்டம் ஒரே அளவுதான் என்று மாணவர் தானே அளந்து சொல்ல வேண்டும்' என்பது தேவை. இப்படி எழுதிவிட்டால் எந்தப் பொருளைத் திறந்தாலும் 'இது அந்த வேலையைச் செய்யுமா' என்று ஒரு கேள்வியில் முடிவு எடுத்துவிடலாம்.

அந்த வரியை எங்கிருந்து எடுப்பது? விடைத்தாள்களிலிருந்து. மின்சுற்றுப் பாடத்தில் நிறைய மாணவர்கள், முதல் விளக்கு மின்னோட்டத்தில் கொஞ்சத்தைத் தின்றுவிடுகிறது, மீதிதான் இரண்டாவது விளக்குக்குப் போகிறது என்று நினைக்கிறார்கள். நீங்கள் தேட வேண்டியது இந்தத் தவறான எண்ணத்தை நேருக்கு நேர் சந்திக்கும் பொருளை. மின்சுற்றைப் பற்றிய அழகான அறிமுகக் காணொளி இதற்கு உதவாது, எவ்வளவு நன்றாக எடுத்திருந்தாலும்.

ஒரு பாடவேளைக்கு ஒரு வரி போதும். இரண்டு வரி எழுத வேண்டும் என்று தோன்றினால் அது இரண்டு பாடவேளைக்கான விஷயம்.

3. எங்கே தேடுவது

பொதுத் தேடுபொறியில் தொடங்க வேண்டாம். பொருளின் வகையைப் பொறுத்து நேராக அதற்குரிய இடத்துக்குப் போங்கள், நேரம் பாதியாகக் குறையும்.

படம் வேண்டுமா? விக்கிமீடியா காமன்ஸ். பத்துக் கோடிக்கும் மேற்பட்ட கோப்புகள் உள்ள இடம். வணிகத் தடையோ மாற்றத் தடையோ உள்ள உரிமங்களை அது ஏற்பதே இல்லை, அதனால் அங்கே கிடைப்பதை வெட்டவும் மாற்றவும் பொதுவாகத் தடை இருக்காது. பெயர் குறிக்காத படமாகத் தேடுங்கள், 'பிளாங்க்' அல்லது 'அன்லேபிள்டு' என்ற சொல்லை ஆங்கிலத்தில் சேர்த்தால் வரும். பல தளங்களின் படங்களை உரிமத்தோடு சேர்த்து ஒரே இடத்தில் தேட ஓப்பன்வெர்ஸ் இருக்கிறது. விண்வெளிப் படங்களுக்கு நாசா. அதன் படங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காப்புரிமை கிடையாது, ஆனால் நாசாவின் சின்னத்தை எடுத்து உங்கள் தாளில் போட்டுக்கொள்ளக் கூடாது, மற்றவர்களிடம் வாங்கிப் போட்ட படங்களும் நடுநடுவே இருக்கும்.

அறிவியல், கணிதச் செயல்பாடு வேண்டுமா? கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப்படுத்தல்களை (கணினித் திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள்) முதலில் பாருங்கள். மாணவர் பேட்டரி, கம்பி, விளக்கு எல்லாவற்றையும் இழுத்து வைத்து மின்சுற்று கட்டி அம்மீட்டரால் அளக்கலாம். இரண்டாவது படியில் எழுதிய வரிக்கு இதைவிடப் பொருத்தமானது நான் பார்த்ததில்லை. கணிதத்தில் வடிவியல், சார்புகள் என்றால் ஜியோஜீப்ராவில் மற்ற ஆசிரியர்கள் செய்துவைத்த ஊடாடும் பயிற்சிகள் ஏராளம்.

முழுப் பாடநூல் வேண்டுமென்றால் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ், அப்புறம் லிப்ரடெக்ஸ்ட்ஸ். இரண்டும் பெரும்பாலும் கல்லூரித் தொடக்க நிலை. பள்ளி ஆசிரியருக்கு இவை மாணவர் கையில் கொடுக்க அல்ல, கணக்குகளையும் படங்களையும் எடுத்து எளிமையாக்கிக்கொள்ள. பாடத்திட்டங்கள், பயிற்சித்தாள்கள் என்றால் ஓஇஆர் காமன்ஸ். அதில் வகுப்பு நிலை, பாடம், உரிமம் மூன்றையும் வைத்து வடிகட்டலாம்.

சிறு வகுப்புகளுக்கு வாசிப்புக் கதைகள் என்றால் ஸ்டோரிவீவர். தமிழிலேயே நிறைய உண்டு, வாசிப்பு நிலை வாரியாகப் பிரித்தும் வைத்திருக்கிறார்கள். தமிழ்ப் பாடத்துக்குப் பொதுவுடைமையான நூல்கள் விக்கிமூலத்தில் ஒருங்குறியிலேயே (யூனிகோடு) கிடைக்கும், அப்படியே நகலெடுத்துப் பயிற்சியாக்கலாம்.

வேறு வழியே இல்லாமல் பொதுத் தேடுபொறிக்குப் போனால் வடிகட்டியைப் போடாமல் தேடாதீர்கள். கூகுள் படத் தேடலில் 'டூல்ஸ்', அதில் 'யூசேஜ் ரைட்ஸ்', அதில் கிரியேட்டிவ் காமன்ஸ் (படைத்தவர் முன்கூட்டி அனுமதி எழுதி வைக்கும் பொது உரிமங்கள், அடுத்த படியில் விரிவாக வரும்). யூடியூபில் தேடியபின் 'ஃபில்டர்ஸ்' திறந்து கிரியேட்டிவ் காமன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். இந்த வடிகட்டிகள் வழிகாட்டும், உறுதி தராது. மூலப்பக்கத்துக்குப் போய் உங்கள் கண்ணால் உரிமத்தைப் பார்த்தால்தான் கணக்கு.

தேடும் சொல்லை இரண்டு மொழியிலும் போடுங்கள். தமிழில் தேடும்போது ஒரே கலைச்சொல்லோடு நின்றுவிட வேண்டாம், ஒருவர் 'உயிரணு' என்று எழுதியதை இன்னொருவர் 'செல்' என்றும் மற்றொருவர் 'கலம்' என்றும் எழுதியிருப்பார். தேடலுக்கு நாற்பது நிமிடம் என்று நேரம் வைத்து, மூன்று பொருள் கிடைத்ததும் நிறுத்திவிடுங்கள். நான்காவது இதைவிட நன்றாக இருக்குமோ என்ற எண்ணம்தான் இரவெல்லாம் தேட வைக்கிறது.

4. பொருளைப் பார்க்கும் முன் உரிமத்தைப் பாருங்கள்

இந்த வரிசை தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் ஒரு பயிற்சித்தாள் மனதுக்குப் பிடித்துப்போய், அதை மொழிபெயர்த்து, படம் மாற்றி, இரண்டு மாலை நேரம் செலவழித்தபின் அடியில் மாற்றக்கூடாது என்று இருப்பதைப் பார்த்த ஆசிரியரை எனக்குத் தெரியும். அவ்வளவு உழைப்பையும் விட மனம் வராது. பிடித்துப்போவதற்கு முன்பே பார்த்துவிட்டால் இந்த வலி இல்லை.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் மொத்தம் ஆறு. பெயரின் தொடக்கத்தில் வரும் 'சிசி' கிரியேட்டிவ் காமன்ஸின் சுருக்கம். அதன்பின் வரும் நான்கு துண்டுகளைப் புரிந்துகொண்டால் ஆறும் புரிந்துவிடும்.

பை (BY) என்றால், படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். ஆறிலும் இது உண்டு.

எஸ்ஏ (SA) என்றால், மாற்றிப் பகிர்ந்தால் உங்கள் பதிப்பையும் அதே உரிமத்தில் விட வேண்டும். விக்கிப்பீடியாவின் எழுத்து இந்த வகை. ஒரு கட்டுரையைச் சுருக்கிப் பாடக்குறிப்பு செய்து வெளியிட்டால் அந்தக் குறிப்பும் சிசி பை-எஸ்ஏதான். ஒரு படத்தை எதுவும் மாற்றாமல் உங்கள் எழுத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பொதுவாக உங்கள் எழுத்தை அந்த நிபந்தனை கட்டுப்படுத்தாது.

என்சி (NC) என்றால், வணிக ஆதாயத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. எம்ஐடி ஓப்பன்கோர்ஸ்வேர் பாடங்களும் கான் அகாடமியின் பெரும்பாலான பாடங்களும் இந்தத் தடை உள்ளவை. இதில் யார் பயன்படுத்துகிறார் என்பதைவிட எதற்காகப் பயன்படுத்துகிறார் என்பதுதான் முக்கியம். கட்டணம் வாங்கும் வகுப்பில் பயன்படுத்தலாமா என்பது போன்ற கேள்விகளுக்குச் சட்டென்று பதில் கிடையாது. அந்தச் சந்தேகம் உங்களுக்கு வரும் என்றால் என்சி இல்லாத பொருளாகத் தேடுங்கள், மனம் நிம்மதியாக இருக்கும்.

என்டி (ND) என்றால், மாற்றியதைப் பகிரக்கூடாது. நம்மைப் போன்ற தமிழ் ஆசிரியர்கள் கவனிக்க வேண்டியது இதைத்தான், ஏனென்றால் மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். என்டி உள்ள ஆங்கிலப் பயிற்சித்தாளைத் தமிழாக்கி இணையத்தில் போட அனுமதி இல்லை. அப்படியே பயன்படுத்துவதானால் சரி, இல்லையென்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இவை தவிர சிசி ஜீரோ என்று ஒன்று உண்டு. உரிமையாளர் எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று பொருள். பெயர் சொல்வது கட்டாயம் இல்லை, ஆனால் சொல்லிவிடுங்கள். மாணவர்கள் அதைப் பார்த்துத்தான் பழகுவார்கள்.

கலப்பதில் ஒரு பொறி இருக்கிறது. சிசி பை-எஸ்ஏ உள்ள ஒரு பத்தியையும் சிசி பை-என்சி-எஸ்ஏ உள்ள இன்னொரு பத்தியையும் குழைத்து ஒரே புதிய பாடமாக்கி வெளியிட முடியாது. இரண்டும் 'என் உரிமத்திலேயே விடு' என்று கேட்கும், ஒன்றில் வணிகத் தடை உண்டு, மற்றதில் இல்லை. தனித்தனித் தாளாக வைத்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. சிசி பை, சிசி ஜீரோ இரண்டும் என்டி இல்லாத எதோடும் ஒத்துப்போகும், எனவே ஒரே தரத்தில் இரண்டு பொருள் கிடைத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு இவற்றைத்தான் எடுப்பேன்.

இன்னும் மூன்று இடத்தில் ஏமாந்துபோகிறார்கள். ஒன்று, புத்தகம் திறந்த உரிமத்தில் இருக்கும், அதற்குள் ஒரு புகைப்படம் மட்டும் வேறொருவருக்குச் சொந்தமாக இருக்கும். எனவே படத்தின் அடியில் உள்ள சிறிய எழுத்தைப் படியுங்கள். இரண்டு, ஒரு தளத்தின் எல்லா நூல்களும் ஒரே உரிமம் என்று எண்ணுவது. ஓப்பன்ஸ்டாக்ஸ் நூல்களில் பல சிசி பை, ஆனால் அதன் நுண்கணித நூல்கள் சிசி பை-என்சி-எஸ்ஏ. மூன்று, உரிமமே எழுதாத பக்கம். எழுதவில்லை என்றால் எல்லா உரிமையும் உரிமையாளருக்கே என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். மடல் எழுதிக் கேட்கலாம், பலர் சந்தோஷமாகத் தருகிறார்கள்.

வகுப்பறைக்குள் காட்டுவதற்குப் பல நாடுகளின் சட்டத்தில் கல்விக்கான விலக்கு உண்டு, அதன் எல்லை நாட்டுக்கு நாடு மாறும். அந்த விலக்கை நம்பி வகுப்பில் காட்டியதை அப்படியே இணையத்தில் போட்டுவிடாதீர்கள், அது வேறு கதை.

உரிமம் எழுதிய பக்கத்தைத் திரைப்பிடிப்பு எடுத்துப் பதிவேட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கொடுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. நாளை அவர் பக்கத்தை மாற்றினாலும், நீங்கள் எடுத்த பிரதிக்கு, நிபந்தனைகளை மீறாதவரை, உரிமம் செல்லும். அதைக் காட்டத்தான் அந்தப் படம்.

5. மாணவராக உட்கார்ந்து ஒருமுறை செய்து பாருங்கள்

உரிமம் சரி என்றானபின் பொருளுக்குள் போகலாம். ஆசிரியர் கண்ணால் மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரியும், ஏனென்றால் நமக்கு ஏற்கெனவே விடை தெரியும். பேனா எடுத்து, பயிற்சியை முதல் கேள்வியிலிருந்து செய்யுங்கள். எங்கே தயங்கினீர்கள், எங்கே கேள்வி புரியவில்லை, எவ்வளவு நேரம் ஆனது என்று குறியுங்கள். உங்களுக்கு ஆனதைப்போல் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் மாணவர்களுக்கு ஆகும்.

அடுத்து, படங்கள் என்ன தவறான எண்ணத்தை விதைக்கின்றன என்று பாருங்கள். பிழை இல்லாத படமும் தப்பாகக் கற்றுக்கொடுக்கும். சூரியனைச் சுற்றும் பூமியின் பாதையை நீண்ட நீள்வட்டமாக வரைந்த படங்கள் ஏராளம், பக்கவாட்டிலிருந்து பார்ப்பதாக வரைவதால் அப்படித் தெரிகிறது. மாணவர் அதைப் பார்த்து, பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வந்தால் கோடை, தள்ளிப் போனால் குளிர் என்று முடிவு கட்டிவிடுகிறார். உண்மையில் அந்தப் பாதை கிட்டத்தட்ட வட்டம். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில் இருக்கிறது, ஜூலைத் தொடக்கத்தில் மிகத் தொலைவில் சுமார் 15.2 கோடி கிலோமீட்டரில். பருவங்களுக்குக் காரணம் அச்சின் சாய்வு. இந்தப் படத்தைப் பயன்படுத்துவதாக இருந்தால் பக்கத்தில் உண்மையான வட்டத்தையும் வரைந்து காட்ட வேண்டும், இல்லையென்றால் அந்தப் படமே வேண்டாம்.

இதயப் படத்திலும் இதே சிக்கல். ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை நீல நிறத்தில் காட்டுவது வழக்கம், ஆனால் அது கருஞ்சிவப்பு, நீலம் அல்ல. படத்தில் நம் வலப்பக்கம் இருப்பது அந்த உடலின் இடப்பக்கம் என்பதையும் சொல்லாமல் விட்டால் பாதி வகுப்பு இடம் வலம் மாற்றி எழுதும். நீலம் ஓர் அடையாளம் மட்டுமே என்று ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

எண்களையும் அலகுகளையும் பாருங்கள். அடி, பவுண்டு, ஃபாரன்ஹீட்டில் உள்ள கணக்குகளை மாற்றும்போது விடை அசிங்கமான தசமமாக வந்து நிற்கும், எனவே அலகை மாற்றுவதற்குப் பதில் எண்களையே புதிதாகப் போடுவது நல்லது. கடைசியாக விடைக்குறிப்பையும் சரிபாருங்கள், பகிர்ந்த பயிற்சித்தாள்களில் விடை தப்பாக இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

6. வெட்டுங்கள், பிறகு தமிழாக்குங்கள்

இந்த இரண்டில் வெட்டுவதுதான் முதலில். வெட்டப்போகிற பக்கங்களை மொழிபெயர்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டாவது படியில் எழுதிய வரியை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்கு உதவாத ஒவ்வொரு பத்தியையும் நீக்குங்கள். பன்னிரண்டு பக்கப் பாடம் இரண்டு பக்கமாகும். கூடவே காணொளியில் எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை என்றும் குறித்துக்கொள்ளுங்கள், முழுவதையும் ஓடவிட்டால் ஐந்தாவது நிமிடத்தில் பின்வரிசை உங்களோடு இருக்காது.

மாற்றக்கூடிய வடிவத்தில் மூலக்கோப்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பிடிஎஃபை உடைத்து மாற்றுவது பெரும் பாடு, அதே பக்கத்தில் சொற்செயலிக் கோப்பும் பல நேரம் இருக்கும், நாம்தான் கவனிப்பதில்லை. விக்கிமீடியா காமன்ஸில் எஸ்விஜி வடிவப் படங்களை இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் திறந்து, ஆங்கிலப் பெயர்களை அழித்துத் தமிழில் எழுதிக்கொள்ளலாம். அந்த எழுத்துகள் சில கணினிகளில் மாறித் தெரியும் என்பதால், அச்சுக்கு அனுப்பும்முன் படமாக ஏற்றுமதி செய்துவிடுங்கள்.

இயந்திர மொழிபெயர்ப்பை முதல் வரைவுக்குப் பயன்படுத்தலாம், தவறில்லை. ஆனால் அது பாடத்தின் பொருளைப் பார்க்காமல் சொல்லின் பொதுவான பொருளைப் பிடித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. வேதியியலில் 'கரைசல்' என்று வர வேண்டிய இடத்தில் 'தீர்வு', இயற்பியலில் 'புலம்' வர வேண்டிய இடத்தில் 'வயல்', கணிதத்தில் 'அடுக்கு' வர வேண்டிய இடத்தில் 'சக்தி', 'மின்னோட்டம்' என்பதற்குப் பதில் 'தற்போதைய'. இவையாவது கண்ணில் படும். 'நிறை' இருக்க வேண்டிய இடத்தில் 'எடை' வந்து உட்கார்ந்தால் கண்ணில் படவே படாது, வாக்கியம் சரளமாகத்தான் இருக்கும், பாடம் மட்டும் தப்பாகிவிடும்.

எனவே மொழிபெயர்க்கும் முன்பே அந்தப் பாடத்தின் கலைச்சொற்கள் பத்துப் பதினைந்தைப் பாடப்புத்தகத்திலிருந்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வரைவு முடிந்ததும் ஒவ்வொரு சொல்லாக எடுத்து அது வரும் எல்லா இடத்தையும் பாருங்கள். உங்களுக்கு வேறு சொல் பிடித்திருந்தாலும் மாணவர் கையில் உள்ள புத்தகத்தின் சொல்லே இருக்கட்டும், ஒரே பொருளுக்கு இரண்டு பெயர் வந்தால் அவை இரண்டு பொருள் என்றே மாணவர் நினைப்பார்.

எழுத்துரு விஷயம் ஒன்று. சக ஆசிரியர் கொடுத்த பழைய கோப்பு பாமினி போன்ற எழுத்துருவில் இருந்தால் உங்கள் கணினியில் புரியாத ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறிக்கு மாற்றியபின் வேலையைத் தொடங்குங்கள். பாதி வேலை முடிந்தபின் மாற்றினால் ஆங்கிலச் சொற்களும் குறியீடுகளும் சமன்பாடுகளும் சேர்ந்து கலைந்துபோகும்.

7. பெயர் குறிப்பது

நான்கு விவரம்: பொருளின் பெயர், படைத்தவர், எடுத்த பக்கத்தின் இணைப்பு, உரிமத்தின் பெயரும் பதிப்பும். நீங்கள் மாற்றியிருந்தால் ஐந்தாவதாக என்ன மாற்றினீர்கள் என்பதும். முதல் நான்கும் பதிவேட்டில் ஏற்கெனவே இருப்பதால் நகலெடுத்து ஒட்டினால் முடிந்தது.

படத்தின் அடியிலேயே சிறிய எழுத்தில் இப்படி வந்தால் போதும்: 'படத்தின் பெயர், படைத்தவர் பெயர், மூலப்பக்க இணைப்பு, சிசி பை-எஸ்ஏ 4.0. பெயர்கள் தமிழாக்கப்பட்டன, நிறம் மாற்றப்பட்டது.' விக்கிமீடியா காமன்ஸில் படைத்தவர் புனைபெயரில் இருந்தால் அதையே எழுதுங்கள்.

'நன்றி: கூகுள்', 'நன்றி: இணையம்' என்று எழுதுவது பெயர் குறிப்பது ஆகாது. கூகுள் தேடித்தான் கொடுத்தது, வரையவில்லை.

8. ஒத்திகை

இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒத்திகை பாருங்கள். வகுப்பில் நடக்கக்கூடிய எல்லாவற்றிலும் அதிகம் நடப்பது இணையம் வராமல் போவதுதான்.

ஃபெட்டின் புதிய உருவகப்படுத்தல்களை ஒற்றைக் கோப்பாகத் தரவிறக்கி இணையம் இல்லாமலே உலாவியில் திறக்கலாம். விக்கிப்பீடியா முழுவதையும் கிவிக்ஸ் என்ற மென்பொருள் மூலம் கணினியில் வைத்துக்கொள்ளலாம். ஒரே அறையில் பல கருவிகள் இருந்தால் கொலிப்ரி என்ற மென்பொருள் ஒரு கணினியிலிருந்து மற்றவற்றுக்கு இணையம் இல்லாமல் பாடங்களைப் பரிமாறும். யூடியூபில் வழக்கமான உரிமத்தில் உள்ள காணொளியை இணைப்பாகக் காட்டலாம், தரவிறக்கி வைத்துக்கொள்வதை அதன் விதிகள் அனுமதிப்பதில்லை. இணையம் நிச்சயமில்லை என்றால் அப்படிப்பட்ட காணொளியை நம்பிப் பாடம் அமைக்காதீர்கள்.

வகுப்பில் பயன்படுத்தும் அதே கருவியில் திறந்து பாருங்கள், வீட்டுக் கணினியில் ஓடியது அங்கே ஓடாமல் போகலாம். கடைசி வரிசையில் போய் நின்று திரையில் எழுத்து தெரிகிறதா என்று பாருங்கள். வண்ணப் படத்தைக் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டால் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும், அம்புக்குறியோ கோடோ சேர்த்துத்தான் பிரித்துக் காட்ட முடியும்.

9. வகுப்பில்

காட்டுவதற்கு முன் கேளுங்கள். மின்சுற்று உதாரணத்துக்கே வருவோம். திரையைத் திறக்கும் முன், 'விளக்குக்கு முன்னால் ஒரு அம்மீட்டர், பின்னால் ஒரு அம்மீட்டர். எதில் அதிகம் காட்டும்?' என்று கேட்டு ஒவ்வொருவரும் தாளில் எழுதட்டும். எழுதியபின்தான் சுற்றைக் கட்டி அளக்க வேண்டும். இரண்டிலும் ஒரே அளவு வரும்போது, முன்பு தப்பாக எழுதிய மாணவர் நிமிர்ந்து உட்காருவார், அந்த நிமிடத்துக்காகத்தான் இவ்வளவு நேரம் தேடினோம். முதலிலேயே காட்டிவிட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள், பழைய எண்ணம் உள்ளே அப்படியே இருக்கும்.

அதே உருவகப்படுத்தலில் இன்னொரு கவனம் தேவை. எலக்ட்ரான்கள் நகர்வதைக் காட்டும் தெரிவும் உண்டு, மரபு மின்னோட்டத்தைக் காட்டும் தெரிவும் உண்டு. இரண்டும் எதிரெதிர்த் திசை. பாடப்புத்தகத்தில் அம்புக்குறி எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள், அல்லது அந்த வித்தியாசத்தையே பாடமாக்குங்கள். தெரியாமல் விட்டால் பாதி நேரம் திசைக் குழப்பத்தில் போகும்.

உருவகப்படுத்தலை மாணவர் கையில் கொடுத்தால் முதல் ஐந்து நிமிடம் விளையாட விட்டுவிடுங்கள். எப்படியும் விளையாடுவார்கள், நீங்கள் பேசுவது காதில் ஏறாது. அதன்பின் ஒரு கேள்வி, ஒரு அட்டவணை. இருபது கட்டளை உள்ள செய்முறைத் தாளைக் கொடுத்தால் அதைப் பின்பற்றி முடிப்பதுதான் வேலை என்று ஆகிவிடும், யோசிக்க மாட்டார்கள்.

10. வகுப்பு முடிந்த அன்றே

பதிவேட்டில் ஆறாவது கட்டம் ஒன்று சேருங்கள்: எங்கே தடுக்கியது. 'மூன்றாம் கேள்வி யாருக்கும் புரியவில்லை', 'நேரம் போதவில்லை, கடைசி அட்டவணையை வெட்டு' என்று ஒரு வரி. மறுநாள் மறந்துபோகும். அன்று மாலையே கோப்பைத் திறந்து திருத்தி, பெயரில் பாடம், வகுப்பு, தேதி மூன்றையும் சேர்த்துச் சேமியுங்கள். 'இறுதி', 'இறுதி புதியது' என்றெல்லாம் பெயர் வைத்தால் அடுத்த ஆண்டு எது எது என்று தெரியாது.

திருத்திய பதிப்பை வெளியிடுங்கள். ஒரு வகுப்பில் ஓடித் தேறிய தமிழ்ப் பயிற்சித்தாள் இன்னொரு ஆசிரியருக்கு எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்று உங்களுக்கே தெரியும். மூலப்பொருளில் எஸ்ஏ இருந்தால் அதே உரிமம், என்சி இருந்தால் அந்தத் தடையும் தொடர வேண்டும், இரண்டும் இல்லையென்றால் நான் சிசி பை போடுவேன். கிரியேட்டிவ் காமன்ஸ் தளத்தில் உரிமம் தேர்ந்தெடுக்கும் கருவி ஒன்று இருக்கிறது, கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்னால் ஒட்டவேண்டிய வரியைக் கொடுத்துவிடும்.

வெளியிடும் முன் இரண்டு விஷயம். தாளில் மாணவர் பெயரோ புகைப்படமோ கையெழுத்துள்ள விடைத்தாளோ இருந்தால் நீக்கிவிடுங்கள். அப்புறம், பிடிஎஃபோடு மாற்றக்கூடிய கோப்பையும், கலைச்சொல் தாளையும், விடைக்குறிப்பையும் சேர்த்துப் போடுங்கள். ஆறாவது படியில் நீங்கள் தேடியது அந்த மாற்றக்கூடிய கோப்பைத்தான்.